கீழே வைத்த சீட்டு

சீட்டாட்டத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், ஆட்டக்காரன் என்ற முறையில் ஒன்றுமில்லை என்றுதான் நான் சொல்ல வேண்டும். கல்யாண வீடுகளில், முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ரம்மி ஆடித் தோற்றவன் நான். காசு வைத்து ஆடியது அவ்வளவுதான். ஆனால் சீட்டாட்டக் கதைகளைப் படிப்பதிலும், சினிமாவாக வந்தால் பார்ப்பதிலும் எனக்கு வெகு நாளாக ஒரு பைத்தியம் உண்டு.

இந்தக் கதைகளிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. படித்து முடித்ததும் ஏதோ ஏமாற்றப்பட்டதுபோல் இருக்கும். எங்கே ஏமாந்தோம் என்று சொல்லத் தெரியாது. போன வருஷம் நியூ ஜெர்ஸியில் என் பெண் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, மாப்பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒரே ஓர் ஆட்டத்தைப் பார்த்தேன். அதற்கு அப்புறம்தான் அந்த இடம் பிடிபட்டது.

அந்த மாநிலத்தில் இணையத்தின் வழியே பணம் வைத்துப் போக்கர் ஆடுவது 2013 முதல் சட்டம் அனுமதித்த காரியம். நம் நாட்டில் 2025-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் ஆட உட்கார வேண்டாம். எனக்கு அக்கறை ஆட்டத்தில் அல்ல, கதையில்.

மாப்பிள்ளை கணக்கான மனிதர். சாப்பிட்டுவிட்டு, பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, அரைமணி நேரம் ஆடுவார். மேஜையில் இருக்கிற மிகச் சின்ன பந்தயம்தான் அவருடையது. 2 சென்ட், 5 சென்ட் என்று ஆரம்பிக்கும். 5 டாலரோடு உட்காருவார். தோற்றால் எழுந்துவிடுவார். அந்த ஊரில் அது ஒரு நல்ல காப்பியின் விலை.

ஆட்டத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, பிறர் பார்க்காதபடி. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் மூன்றைத் திறப்பார்கள், பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. ஏழில் சிறந்த ஐந்து யாரிடம் இருக்கிறதோ அவருக்கு நடுவில் சேர்ந்திருக்கும் பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், பிறர் கட்டினால் அதற்கு ஈடாகப் போடலாம், மேலே ஏற்றலாம். அல்லது, போட்டது போகட்டும் என்று சீட்டைக் கீழே வைத்துவிடலாம். நம் ரம்மியில் 'ஸ்கூட்' என்று சொல்லி ஒதுங்குகிறோமே, அதுதான். ரம்மியில் ஆரம்பத்திலேயே ஒதுங்கினால் 20, நடுவில் ஒதுங்கினால் 40, கடைசிவரை இருந்து மாட்டிக்கொண்டால் 80.

ஆனால் ஒரு வித்தியாசம். ரம்மியில் கையில் ஒன்றும் சேராதவன்தான் ஒதுங்குகிறான். அதற்கு மனோதிடம் வேண்டியதில்லை. மோசமான சீட்டை யார் வேண்டுமானாலும் எறிவார்கள். போக்கரில் கஷ்டம், நல்ல சீட்டை வைத்துக்கொண்டே கீழே வைக்க வேண்டிய சந்தர்ப்பம் வருவதுதான்.

அன்று மாப்பிள்ளைக்கு இரண்டு ஆஸ் வந்தது. 221 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் இந்த ஜோடி சராசரியாக வரும். ஆரம்பச் சீட்டுகளில் இதைவிட உயர்ந்தது கிடையாது. எதிரே ஒரே ஓர் ஆள், கையில் ஏதோ இரண்டு சீட்டு என்றால், கடைசிவரை போனால் நூற்றில் 85 தடவை ஆஸ் ஜெயிக்கும். அவர் 15 சென்ட் ஆக ஏற்றினார். இரண்டு பேர் கூட வந்தார்கள். நடுவில் 47 சென்ட். திறந்த மூன்று சீட்டும் இஸ்பேட் ஜாக்கி, டைமன் எட்டு, கிளாவர் நாலு. மாப்பிள்ளை 30 சென்ட் கட்டினார். ஒருவன் விலகினான். மற்றவன் ஈடு போட்டான். நாலாவது சீட்டு ஆட்டின் பத்து. மாப்பிள்ளை 70 சென்ட் கட்டினார். அதுவரை அரைமணியாக வாயே திறக்காதவன்போல் எல்லாவற்றுக்கும் ஈடு மட்டும் போட்டுக்கொண்டிருந்த அந்த ஆள், தன்னிடம் மிஞ்சியிருந்த 4 டாலர் 55 சென்டையும் தள்ளிவிட்டான்.

மாப்பிள்ளை போட வேண்டியது இன்னும் 3 டாலர் 85 சென்ட். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மேஜையில் யோசிக்கச் சில விநாடிகள்தான் கொடுப்பார்கள். எனக்கு மூச்சு முட்டியது. இரண்டு ஆஸ் அல்லவா! "போடுங்கள் மாப்பிள்ளை" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஒரு பொத்தானைத் தொட்டார். இரண்டு ஆஸும் திரையிலிருந்து மறைந்துபோயின. அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

"அவன் என்ன வைத்திருந்தான்?" என்று கேட்டேன்.

"தெரியாது மாமா."

"எப்போது தெரியும்?"

"தெரியவே தெரியாது. கீழே வைத்தால் காட்ட மாட்டார்கள்."

அப்புறம் எனக்காகக் கணக்குச் சொன்னார். நடுவில் இருந்தது, எதிராளி தள்ளியது, தான் போட வேண்டியது எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 10 டாலர். அதில் தான் போட வேண்டியது 3 டாலர் 85. ஆகவே நூற்றில் 38 தடவையாவது ஜெயிக்க முடிந்தால்தான் ஈடு போடுவது நியாயம். எதிராளி மூன்று ஜாக்கியோ மூன்று எட்டோ மூன்று நாலோ சேர்த்திருந்தால், மிச்சமிருக்கும் 44 சீட்டில் அவரைக் காப்பாற்றக்கூடியவை இரண்டே இரண்டு, மீதி ஆஸ்கள். ராணியும் ஒன்பதுமோ, ஒன்பதும் ஏழுமோ அவன் கையில் இருந்தால் ஐந்து சீட்டு வரிசையாக அமைந்துவிடும். அப்போது எந்தச் சீட்டும் காப்பாற்றாது. ஜாக்கியும் பத்துமாக இரண்டு ஜோடி சேர்த்திருந்தால் 8 சீட்டு உதவும். மிச்சமிருப்பது, அவன் ஒன்றுமில்லாமல் மிரட்டுகிறான் என்பது. அல்லது ஒரு சாதாரண ஜோடியைப் பெரிதாக நினைத்துக்கொண்டான் என்பது.

"பெரிய பந்தய மேஜை என்றால் அப்படி மிரட்டுவார்கள் மாமா. இந்த 5 சென்ட் மேஜையில் ஜனங்கள் மிரட்ட வருவதில்லை, பார்க்க வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஈடு போடுவார்கள். ஈடு மட்டுமே போட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று எல்லாவற்றையும் தள்ளினால் அவன் உண்மையைச் சொல்கிறான் என்று அர்த்தம். நம் கையில் இரண்டு ஆஸ் இருப்பது அவனுக்குத் தெரியாது. அதை நமக்கு மறக்கத் தெரிய வேண்டும்."

"ஒருவேளை இந்தத் தடவை மட்டும் அவன் மிரட்டியிருந்தால்?"

"இருக்கலாம். அப்போதும் நான் செய்தது சரிதான்."

சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. 3 டாலர் 85 சென்டை நானே கொடுத்து அந்த ஆளின் சீட்டைப் பார்த்துவிட மாட்டோமா என்று இருந்தது. சின்ன மேஜையில் ஜனங்கள் தோற்பதற்குக் காரணம் பேராசை என்று நினைத்திருந்தேன். அல்ல. என்னதான் வைத்திருக்கிறான் பார்த்துவிடுவோமே என்கிற ஆசை. விலை மலிவாக இருப்பதால் அந்த ஆசையை அடக்க யாரும் சிரமப்படுவதில்லை.

இந்த ஆசை வாசகனுடைய ஆசை. அதைத் தீர்த்துவைப்பது கதாசிரியனின் தொழில். நல்ல சீட்டைக் கீழே வைக்கிற காட்சி சீட்டாட்டக் கதைகளில் ஏன் இல்லை என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. அது எங்கள் தொழிலுக்கே விரோதமான காட்சி.

என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ரிச்சர்ட் ஜெஸ்ஸப் 1963-ல் எழுதிய 'தி சின்சினாட்டி கிட்' நாவலை 1965-ல் நார்மன் ஜூவிஸன் படமாக எடுத்தார். ஸ்டீவ் மக்குவீன் இளைஞன். எட்வர்ட் ஜி. ராபின்ஸன் கிழவர். கடைசி ஆட்டத்தில் இளைஞனிடம் மூன்று ஆஸும் இரண்டு பத்தும். கிழவரிடம் டைமனில் எட்டு முதல் ராணி வரை தொடர்ச்சியாக ஐந்து. படம் பார்க்கிறபோது பிரமாதமாக இருக்கிறது. மறுநாள் யோசித்தால், அந்த இளைஞன் எதையும் தீர்மானிக்கவே இல்லை என்று தெரிகிறது. மூன்று ஆஸும் இரண்டு பத்தும் வைத்திருக்கிறவன் யாராயிருந்தாலும் கடைசிக் காசுவரை போடுவான். போடாதவன் பைத்தியக்காரன். தோற்றது விதி. கதாசிரியர் அவன் கையில் இத்தனை உயர்ந்த சீட்டைத் திணித்ததே, அவனை யோசனையிலிருந்து காப்பாற்றத்தான்.

இன்னும் மோசம், 2006-ல் வந்த 'கஸினோ ராயல்'. இயன் ஃப்ளெமிங்கின் 1953 நாவலில் ஆட்டம் பாக்கரா. காலம் மாறிவிட்டதென்று படத்தில் போக்கராக மாற்றினார்கள். நடுவில் 11 கோடியே 50 லட்சம் டாலர். நாலு பேர். ஒருவனிடம் ஐந்து இஸ்பேட். இன்னொருவனிடம் மூன்று எட்டும் இரண்டு ஆஸும். வில்லனிடம் மூன்று ஆஸும் இரண்டு ஆறும். ஜேம்ஸ் பாண்டிடம் இஸ்பேட் நாலு முதல் எட்டு வரை ஐந்தும் தொடர்ச்சியாக. தீபாவளிக் கடையில் வெடிகளை விலை வரிசைப்படி அடுக்கி வைத்ததுபோல! இதில் மனுஷர்களுக்கு வேலையே இல்லை. சீட்டுகளே பேசிச் சீட்டுகளே முடித்துக்கொள்கின்றன.

உயர்ந்த இலக்கியத்துக்குப் போனாலும் பெரிய ஆறுதல் இல்லை. தாஸ்தாயெவ்ஸ்கியின் 'சூதாடி' 1866-ல் வந்தது. கெடு நெருங்கிவிட்டதென்று 26 நாளில் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட புத்தகம். சூதாடியின் நாடித் துடிப்பை இத்தனை அருகில் வைத்துக் காட்டிய வேறு புத்தகம் எனக்குத் தெரியாது. ஆனால் அது சக்கரத்தில் குண்டு ஓடுகிற ரூலெட். எதிரே மனிதன் இல்லை. படிக்க வேண்டிய முகம் இல்லை. எழுந்து போவதா உட்கார்ந்திருப்பதா என்ற ஒரு கேள்விதான். அவன் உட்கார்ந்திருக்கிறான். நம் தருமபுத்திரரும் அப்படித்தான். விதுரர் தடுத்துப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்த பிறகும், மறுபடி கூப்பிட்டபோது மறுபடி போய் உட்கார்ந்தார். எழுந்திருக்காதவனுக்குக் காவியமே இருக்கிறது. எழுந்து போனவனுக்கு ஒரு சிறுகதைகூட இல்லையா என்பது என் கேள்வி.

ஒன்று இருக்கிறது. ஜான் டால் 1998-ல் எடுத்த 'ரவுண்டர்ஸ்' என்ற படம். சட்டக் கல்லூரி மாணவன் ஒருவன், முதல் காட்சியிலேயே தன் சேமிப்பு 30,000 டாலரையும் ஒரே ஆட்டத்தில் ஒரு ருஷ்யனிடம் இழக்கிறான். மூன்று ஒன்பதும் இரண்டு ஆஸும் வைத்துக்கொண்டு, மூன்று ஆஸ் வைத்திருந்தவனிடம் தோற்கிறான். இது வழக்கமான சங்கதி. ஆனால் படத்தின் கடைசியில், அதே ருஷ்யனுக்கு எதிரே, அவன் கையில் இரண்டு உயர்ந்த ஜோடி இருக்கிறது. மேஜையில் பாதிப்பேர் வீட்டை விற்றுப் போடக்கூடிய சீட்டு. ருஷ்யனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிரீம் பிஸ்கட்டைக் காதருகே வைத்துப் பிளப்பான். எப்போது தின்கிறான், எப்போது தின்பதில்லை என்பதை இவன் கவனித்துவிட்டான். சீட்டைக் கீழே வைத்துவிடுகிறான். படத்தில் அவன் ஜெயிக்கிற கட்டம் பின்னால் வருகிறது. ஆனால் அவன் ஆளானது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கதை எழுதியவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது.

இருந்தும் அவர்கள் ஒரு காரியம் செய்துவிட்டார்கள். இவன் சீட்டைக் கீழே வைத்ததும் ருஷ்யன் கொதித்து எழுகிறான். அதை எப்படிக் கீழே வைக்கலாம், எனக்கு வரவேண்டிய பணம் அல்லவா என்று கத்துகிறான். அவன் கையில் உயர்ந்த சீட்டு இருந்தது என்று நமக்கு ஊர்ஜிதமாகிவிடுகிறது. நாம் கை தட்டுகிறோம். அந்தக் கைதட்டலில்தான் நஷ்டம் இருக்கிறது. என் மாப்பிள்ளைக்கு எந்த ருஷ்யனும் எழுந்து கத்தவில்லை. திரை அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டது.

இந்தப் படத்தின் இன்னொரு விசேஷம், அதில் நிஜமான ஓர் ஆட்டத்தின் பழைய ஒளிப்பதிவைக் காட்டுகிறார்கள். லாஸ் வேகாஸில் 1988-ல் நடந்த உலகப் போட்டியின் முடிவு ஆட்டம். ஜானி சான் முந்தின வருஷமும் ஜெயித்தவர். எதிரே எரிக் சைடல், பங்குச் சந்தையில் வேலை பார்த்த இளைஞர், அந்தப் பெரிய போட்டிக்குப் புதியவர். முதல் மூன்று பொதுச் சீட்டு ராணி, பத்து, எட்டு. சைடலிடம் ஒரு ராணியும் ஏழும். ஆக, ராணி ஜோடி. சானிடம் ஜாக்கியும் ஒன்பதும். எட்டு முதல் ராணி வரை வரிசை அப்போதே அமைந்துவிட்டது. சான் ஒன்றும் இல்லாதவர்போல் அடங்கி உட்கார்ந்திருந்தார். கடைசியில் சைடல் தன்னிடம் இருந்ததையெல்லாம் தள்ளினார். சானுக்கு 7,00,000 டாலர். சைடலுக்கு 2,80,000. ஒரு ஜோடியைக் கீழே வைக்கத் தெரியாத முகம் எப்படி இருக்கும் என்று உலகம் பார்க்க, அந்தப் படச்சுருள் திரும்பத் திரும்ப ஓடியது. சினிமாவிலும் ஏறிவிட்டது.

இதை ஏன் விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், நான் இங்கே முக்கியமாகச் சொல்ல நினைக்கும் புத்தகத்தில் அந்த சைடல்தான் குரு. மரியா கொன்னிகோவா 2020-ல் வெளியிட்ட 'தி பிக்கெஸ்ட் பிளஃப்'. இந்த அம்மாள் மனோதத்துவம் படித்துக் கொலம்பியாவில் டாக்டர் பட்டம் வாங்கியவர், பத்திரிகை எழுத்தாளர். ஒரு கட்டில் எத்தனை சீட்டு என்றுகூடத் தெரியாத நிலையில் சைடலிடம் போய்க் கற்றுக்கொடுக்கச் சொன்னார். அதற்குள் சைடல் இந்த ஆட்டத்தின் பெரிய மனிதர்களில் ஒருவராகியிருந்தார். உலகப் போட்டிகளில் 2023 வரை அவர் வென்ற பரிசுக் காப்புகள் 10. நியூ யார்க்கில் இணைய ஆட்டத்துக்கு அனுமதி இல்லாததால், கொன்னிகோவா ஆற்றைக் கடந்து நியூ ஜெர்ஸிக்குப் போய், காப்பிக் கடைகளில் உட்கார்ந்து சின்னப் பந்தயங்கள் ஆடிப் பழகினார். என் மாப்பிள்ளை ஆடுகிற அதே மாதிரி மேஜைகள்.

புத்தகத்தில் ஓர் இடம் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. நல்ல சீட்டு வைத்திருந்தும் கடைசிச் சீட்டில் தோற்ற கதையை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லி அழுவது. கொன்னிகோவாவும் குருவிடம் அப்படி ஒரு கதையை ஆரம்பிக்கிறார். சைடல் கேட்க மறுத்துவிடுகிறார். முடிவு எனக்கு வேண்டாம், எந்த இடத்தில் எதை யோசித்து என்ன தீர்மானம் செய்தாய் என்று சொல், அதில் சந்தேகம் இருந்தால் பேசலாம் என்பது அவர் கட்சி.

என்னைக் கேட்டால், கதை எழுதுகிற ஒவ்வொருவனும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. நம் பத்திரிகைக் கதைகளில் பாதி, கடைசிச் சீட்டில் தோற்ற கதைகள்தானே? கதாநாயகன் ஒரு தப்பும் செய்யவில்லை. நல்ல சீட்டுதான் வைத்திருந்தான். விதி, சமூகம், மாமியார், லாரி, ஏதோ ஒன்று கடைசியில் வந்து மோதிவிட்டது. நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். அவன் எந்த இடத்தில் எழுந்திருக்கலாம், ஏன் எழுந்திருக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அழுகை நின்றுவிடும்.

புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் வாழ்க்கைப் பாடம் எடுத்துக் கொடுக்கிறார். வாசகன் தானே எடுத்துக்கொள்ளட்டும் என்ற நம்பிக்கை போதாது. இன்னொன்று, 2018-ல் பஹாமாஸில் ஒரு போட்டியில் அவருக்கு முதல் பரிசும் 84,600 டாலரும் கிடைத்தன. முடிவை வைத்துத் தீர்மானத்தை எடை போடாதே என்று சொல்லிவந்த புத்தகத்துக்கு, அந்தக் கோப்பையே உச்சக் கட்டமாகிவிடுகிறது. ஜெயித்ததால் அவர் கற்றது சரி என்று வாசகன் நினைத்துக்கொள்கிறான். அதே மாதிரி யோசித்து, அதே மாதிரி ஆடி, பரிசு எதுவும் வராமல் வீடு திரும்பினவளின் புத்தகம் இதைவிட நல்ல புத்தகமாக இருந்திருக்கும். அதை யார் வெளியிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

அல் ஆல்வரஸின் 'தி பிக்கெஸ்ட் கேம் இன் டவுன்' (1983) நடையில் இதைவிட உசத்தி என்பதையும் சொல்லிவிட வேண்டும். கவிதை விமர்சகராகப் பேர் வாங்கியவர் 1981 உலகப் போட்டியைப் போய்ப் பார்த்து எழுதியது. ஆனால் அவருடைய மனிதர்கள் லட்சங்களை வைத்து ஆடுகிறவர்கள். பணத்தின் பிரம்மாண்டமே பாதி நாடகத்தைச் செய்துவிடுகிறது. 5 டாலர் மேஜையில் அந்த உதவி கிடையாது. அங்கே எழுதத் தெரிந்தவன்தான் எழுதத் தெரிந்தவன்.

இத்தனை பேரைக் குறை சொன்ன பிறகு என் கணக்கையும் காட்டுவது மரியாதை.

நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் ஒரு தொடர்கதை எழுதினேன். ஒரு பள்ளி ஆசிரியை. முப்பது வயதைத் தாண்டியவள். அவளுக்கு ஒரு வரன் வருகிறது. படித்தவன், நல்ல உத்தியோகம், பார்க்க லட்சணமானவன், இவளையும் விரும்புகிறவன். ஊரார் கணக்கில் இரண்டு ஆஸ். நாலைந்து சந்திப்புகளில் அவன் பேச்சிலும் பணிவிலும் ஏதோ ஒன்று அவளுக்கு உறுத்துகிறது. சொல்லத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். அந்த அத்தியாயத்தை நான் நன்றாக எழுதியிருந்தேன். இன்றைக்கும் அதில் ஒரு வரி மாற்ற மாட்டேன்.

அப்புறம் கடிதங்கள் வந்து குவிந்தன. அவள் மறுத்தது சரியா? அவன் என்ன ஆனான்? வாசகர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. 38-வது வாரத்தில் அவனைத் திரும்பக் கொண்டுவந்தேன். குடிகாரனாக, வேறொருத்தியைக் கட்டி அடித்து விரட்டியவனாகக் கொண்டுவந்தேன். அவள் ரயில் நிலையத்தில் அவனைப் பார்த்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விடுகிறாள். பாராட்டுக் கடிதங்கள் முன்னைவிட அதிகமாக வந்தன. ருஷ்யன் எழுந்து கத்திவிட்டான் அல்லவா?

அவற்றினிடையே ஒரு கடிதம் வேறு மாதிரி இருந்தது. ஓர் அம்மாள் எழுதியது. தானும் அப்படி ஒருவரை மறுத்ததாகவும், அவர் வேறொரு பெண்ணை மணந்து, குணசாலியாக, ஊர் மெச்ச வாழ்வதாகவும், அப்படியானால் தான் செய்தது தவறா என்றும் கேட்டிருந்தார். இரண்டே வரி. விலாசமும் கொடுத்திருந்தார்.

நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. என் கதைப்படி பார்த்தால் அந்த அம்மாள் செய்தது தவறுதான். மறுக்கப்பட்டவன் கெட்டவனாகப் போனால்தான் மறுத்தவள் சரி என்று நான் 38-வது வாரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டேனே! அன்றைக்கு அவர் கண்ட முகத்தையும் கேட்ட பேச்சையும் வைத்து அவர் எடுத்த தீர்மானம், பிற்பாடு அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதால் சரியாகிவிடவும் இல்லை, தவறாகிவிடவும் இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். அந்த வாக்கியத்தை என் மாப்பிள்ளை, 3 டாலர் 85 சென்ட் விவகாரத்தில், கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார். எனக்கு அதற்கு நாற்பது வருஷம் ஆயிற்று.

எழுந்து போனவனுக்குக் கதை உண்டா என்று கேட்டேன். உண்டு. அவனுடைய கதை, எதிராளியின் சீட்டைப் பார்க்காமலே அன்றிரவு அவன் எப்படித் தூங்குகிறான் என்பது. செகாவ் 1899-ல் எழுதிய 'நாய்க்காரச் சீமாட்டி'யை, இருவருக்கும் என்ன ஆயிற்று என்று சொல்லாமலே நிறுத்தியிருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அது முடியாத கதை என்று யாரும் புகார் செய்யவில்லை. வாசகனின் ஆசையை மதிப்பது வேறு, அதற்கு ஈடு போட்டுக்கொண்டே இருப்பது வேறு.

அந்தத் தொடர்கதையை மறுபதிப்புப் போட வேண்டும் என்று பதிப்பாளர் போன மாதம் கேட்டார். 38-வது அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் போடுங்கள் என்றேன். அதுதானே சார் ஜனங்கள் ஞாபகம் வைத்திருக்கிற இடம், அவன் என்ன ஆனான் என்று கேட்பார்களே என்றார். கேட்கட்டும் என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. புத்தகம் விற்குமா, விற்காதா, எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் இருக்கிறாரா, இருந்தால் படிப்பாரா என்பதும் தெரியாது.